வண்டியின் முகப்பில் ஒரு சாட்சி

சாலையில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு கூட்டம் கூடிவிடுகிறது. மோதலைக் கண்ணால் கண்டவர்கள் அக்கூட்டத்தில் ஓரிருவர்தாம் இருப்பர். ஆனால் தீர்ப்புச் சொல்பவர்களோ இருபது பேர்! வண்டியோட்டியவரின் தலை நரைத்திருந்தால் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடும். "இந்த வயசுல இவருக்கு எதுக்குங்க கார்?" என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெரியவர் தம் பக்கத்தில் ஒழுங்காகவே வந்திருக்கலாம். சந்திலிருந்து பாய்ந்து வந்தது மற்ற வண்டியாக இருக்கலாம். ஆயினும் அதிர்ச்சியில் அவருக்கே நடந்தது வரிசையாக நினைவுக்கு வராது. நாக்குழறும் ஒரு முதியவரின் சொல் அந்தக் கூட்டத்தில் எடுபடுவதில்லை.

இத்தகைய நேரத்தில் பதறாமல் சாட்சி சொல்ல ஒரு சிறு கருவி உண்டு. காரின் முன் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டிவைக்கப்படும் காமிரா அது. கடைக்காரர் இதனை 'டேஷ் கேம்' என்பார். நாம் முகப்புக் காமிரா என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ எழுபது வயதிலும் கார் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஸ்மார்ட் போன் இல்லை. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசிதான் உண்டு. அதுவே போதும் என்கிறார். அவருக்கு எந்த மாதிரிக் காமிரா பொருந்தும்? கடைத்தெருக் கேள்வி போலத் தோன்றினாலும் இதற்கு விடை சொல்ல ஒளியியல், மின்னியல், இயக்கவியல் ஆகிய மூன்றும் துணைக்கு வரவேண்டும். பள்ளியில் படிக்கும் பௌதிகம் வீட்டுக்குப் பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஒரு விண்கல் சொன்ன செய்தி

முகப்புக் காமிராவின் ஆற்றலை உலகம் முழுவதும் அறிந்துகொண்ட நாள் 2013 பிப்ரவரி 15. அன்று காலை ரஷ்ய நாட்டின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று வளிமண்டலத்துள் பாய்ந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. அதிர்வலையில் கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர்.

இப்படி ஒரு நிகழ்ச்சியை யாரும் எதிர்பார்த்துக் காமிராவுடன் காத்திருக்க முடியாது. ஆனால் ரஷ்யாவில் விபத்து வழக்குகளுக்கு அஞ்சிப் பலர் தம் கார்களில் முகப்புக் காமிராவைப் பொருத்தியிருந்தனர். அவை தாமாகவே அந்தத் தீப்பந்தைப் பதிவு செய்துவிட்டன. பல இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட இப்படங்களையும், படத்தில் தெரிந்த கம்பங்களின் நிழல் நகர்ந்த விதத்தையும் கொண்டு, அந்தக் கல் சூரியனைச் சுற்றிவந்த பாதையை ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, இக்கருவியின் பெருமை அது தானாகவே ஓடிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. யாராவது நினைவாக முடுக்கிவிட வேண்டிய காமிரா தேவைப்படும் நேரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது, படம் தெளிவாக இருந்தாலும் அதிலுள்ள நேரம் தவறாக இருந்தால் சாட்சியின் மதிப்புக் குறைந்துவிடும்.

கருவிக்குள் நடப்பது என்ன?

லென்ஸ் வழியே வரும் ஒளி, சிலிக்கன் சில்லு ஒன்றின்மீது விழுகிறது. அச்சில்லில் இலட்சக்கணக்கான சிறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளிக்கேற்ப எலெக்ட்ரான்களைச் சேர்த்துவைக்கிறது. அந்த மின்னூட்டத்தை அளந்து எண்ணாக மாற்றினால் ஒரு படப்புள்ளி கிடைக்கிறது. குறுக்கே 1,920, உயரத்தில் 1,080 எனப் புள்ளிகள் இருந்தால் மொத்தம் 20,73,600. வினாடிக்கு 30 படம். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 187 மெகாபைட் ஆகிறது. இதனை அப்படியே சேமிக்கச் சாதாரணச் சிறு அட்டையால் இயலாது.

ஆகவே கருவி ஓர் உபாயம் செய்கிறது. அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே வானமும் காரின் முகப்பும் பெரும்பாலும் மாறுவதில்லை. மாறியதை மட்டும் குறித்துக்கொண்டு மாறாததை விட்டுவிடுகிறது. இதனால் வினாடிக்கு 187 மெகாபைட் என்பது சுமார் 2 மெகாபைட்டாகச் சுருங்குகிறது. அதாவது நிமிடத்துக்கு 120 மெகாபைட், மணிக்கு 7.2 கிகாபைட். 64 கிகாபைட் கொள்ளும் மெமரி கார்டில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரப் பயணம் அடங்கும்.

அதன்பின்? கார்டு நிரம்பியதும் கருவி நின்றுவிடுவதில்லை. ஒரு நிமிடம் அல்லது மூன்று நிமிடம் கொண்ட சிறு துண்டுகளாகவே அது பதிவு செய்கிறது. இடம் தீர்ந்ததும் எல்லாவற்றிலும் பழைய துண்டை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதுகிறது. வாளிகள் கோத்த சங்கிலி சுற்றிச் சுற்றி வருவதுபோல இப்பதிவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால், ஒன்பது நாள் முன்பு நடந்ததுவரை கார்டில் இருக்கும். அவர் எதையும் அழிக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

போன் வேண்டாத கருவி

இன்று கடைகளில் கிடைக்கும் முகப்புக் காமிராக்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகைக்குத் திரையே இல்லை. பார்வைக்கு அழகாக, விரல் பருமனில் இருக்கும். அதில் நேரம் வைப்பது, கார்டைத் துடைத்துத் தயார் செய்வது, பதிவைப் பார்ப்பது எல்லாமே ஸ்மார்ட் போனிலுள்ள செயலி வழியேதான். சில கருவிகள், முதன்முறை செயலி வழியாகப் பதிவு செய்தாலன்றி இயங்கவே தொடங்கா. மற்றொரு வகையில் கருவியின் முதுகிலேயே இரண்டு அல்லது மூன்று அங்குலத் திரையும், கீழே நான்கைந்து பொத்தான்களும் இருக்கும்.

நம் பெரியவருக்கு இரண்டாம் வகையே உரியது. காரணம் பழக்கம் மட்டுமன்று. திரையில்லாத கருவியில் கார்டு பழுதாகிப் பதிவு நின்றுபோனால், ஒரு சிறு விளக்கின் நிறம் மாறுவதைக் கொண்டுதான் அதை அறியவேண்டும். திரையுள்ள கருவியிலோ, வண்டியைக் கிளப்பியதும் சாலையின் படமும் ஒரு மூலையில் மினுக்கும் சிவப்புப் புள்ளியும் தெரியும். "சிவப்புப் புள்ளி மினுக்கினால் வேலை செய்கிறது" என்ற ஒரே விதியை அவர் நினைவில் வைத்தால் போதும்.

கடையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: "செயலி இல்லாமல் இதில் தேதி, நேரம் வைக்க முடியுமா? கார்டைத் துடைக்க முடியுமா? பதிவைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்க முடியுமா?" மூன்றுக்கும் 'முடியும்' என்ற விடை வரவேண்டும். விடையோடு நின்றுவிடாமல் கருவியை வாங்கி உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். வை-ஃபை வசதியும் உடன் இருந்தால் குற்றமில்லை; அதை அணைத்து வைத்துவிடலாம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். பெரும்பாலான கார்களில் 12 வோல்ட் தரும் சிகரெட் லைட்டர் துளையில் இதன் ஒயரைச் செருகுகிறோம். சாவியைத் திருகினால் மின்சாரம் வந்து, அணைத்தால் நின்றுவிடும் துளையாக அது இருந்தால் நல்லது. அப்போது காமிராவும் வண்டியோடு சேர்ந்து விழித்து, வண்டியோடு உறங்கும். சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் துளையில் மின்சாரம் இருக்கும். கைப்பேசிச் சார்ஜர் ஒன்றைச் செருகிச் சோதித்து அறியலாம்.

நிறுத்திவைத்த காரையும் இரவெல்லாம் காவல் காக்கும் ஏற்பாடு சில காமிராக்களில் உண்டு. அது வேண்டுமா என்பதை ஒரு கணக்குக் காட்டிவிடும். கருவி 3 வாட் எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. காரின் பாட்டரி 45 ஆம்பியர்-மணி கொண்டது என்றால் நாலு நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். வாரத்தில் இரு நாள் மட்டும் காரை எடுக்கும் ஒருவருக்கு, மூன்றாம் முறை வண்டி கிளம்பாது! ஆகவே இந்த ஏற்பாட்டை விட்டுவிடுவதே நல்லது.

வெயிலும் மின்தேக்கியும்

விபத்தில் மின் இணைப்பு அறுந்துபோகலாம். அந்த நொடியில் கருவி எழுதிக்கொண்டிருக்கும் துண்டுதான் நமக்கு மிகவும் வேண்டியது. அதனை ஒழுங்காக முடித்துவைக்கச் சில வினாடிகளுக்காவது உள்ளே சொந்த மின்சாரம் வேண்டும். சில கருவிகளில் இதற்காக லித்தியம் மின்கலம் இருக்கும். வேறு சிலவற்றில் மிகைமின்தேக்கி இருக்கும்.

நம் நாட்டு வெயிலை எண்ணிப் பாருங்கள். கோடையில் மூடிநிற்கும் காருக்குள் கண்ணாடி வழியே ஒளி நுழைகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. நேர் வெயில் படும் முகப்புப் பலகை 70 டிகிரி செல்சியஸை நெருங்கக்கூடும். லித்தியம் மின்கலத்தை 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் செய்வது பொதுவாகத் தகாது. மீண்டும் மீண்டும் வெந்தால் அது உப்பிப்போய்க் கருவியின் கூட்டையே பிளந்துவிடும். மின்தேக்கியில் மின்னேற்றத்துக்கென்று வேதிவினை நடப்பதில்லை. மின்னூட்டம் தகடுகளின் பரப்பில் சேர்ந்து நிற்கிறது. ஆகவே வெப்பத்தை அது அதிகம் தாங்குகிறது, ஆயுளும் நீடிக்கிறது.

ஆனால் அதன் கொள்ளளவு போதுமா? மின்தேக்கியில் உள்ள ஆற்றல், மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கியது என்று படித்திருக்கிறீர்கள். 2.5 பாரட் மின்தேக்கி 5 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரும் ஆற்றல்: 2.5-இன் பாதியை, 25-க்கும் 9-க்கும் உள்ள வேறுபாடான 16-ஆல் பெருக்க 20 ஜூல். கருவி 2 வாட் எடுத்தால் 10 வினாடி ஓடும். கோப்பை மூடிவைக்க அது போதும். எனவே 'மிகைமின்தேக்கி உள்ளது' என்று பெட்டியில் எழுதியிருக்கும் கருவியையே தேர்ந்தெடுங்கள். இணைப்பை எடுத்த பின் அது கையில் ஓடிக்கொண்டிராது. அதனைக் குறை என்று எண்ணவேண்டாம்.

எண் பலகை தெரியுமா?

மோதிவிட்டு ஓடிப்போகும் வண்டியின் எண் தெரியாவிட்டால் படம் இருந்தும் பயன் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார்களின் எண் பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். இதனைக் காமிரா எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கும்?

லென்ஸ் குறுக்குவாட்டில் 110 டிகிரிக் கோணத்தைப் பார்க்கிறது என்போம். அதனை 1,920 புள்ளிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. டிகிரி ஒன்றுக்குச் சுமார் 17 புள்ளிகள். ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள எழுத்து காமிராவில் முக்கால் டிகிரிக் கோணம் அமைக்கும். அதாவது 13 புள்ளி உயரம். பத்து மீட்டரில் அது ஆறு புள்ளியாகச் சுருங்கிவிடும். எழுத்தை ஐயமின்றிப் படிக்க ஏறத்தாழப் பத்துப் புள்ளியாவது வேண்டும் என்று கொண்டால், இக்கருவி ஆறரை மீட்டர் வரையில்தான் எண்ணைக் காட்டும். ஒன்றரைக் கார் நீளம்! குறுக்கே 2,560 புள்ளிகள் இருந்தால் இத்தொலைவு ஒன்பது மீட்டரை நெருங்கும். 3,840 புள்ளிகள் இருந்தால் 13 மீட்டர்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். '170 டிகிரி பார்வை' என்று பெருமையடித்துக்கொள்ளும் கருவி அதே புள்ளிகளை அகலமாகப் பரப்பிவிடுகிறது. அகலம் கூடினால் எழுத்துச் சிறுக்கும். இரண்டும் ஒருங்கே கிடைப்பதில்லை. 2,560 புள்ளியும், 140 டிகிரிக்கு மேற்படாத மூலைவிட்டக் கோணமும் உள்ள கருவி நடுவான தேர்வு. அது சற்று அதிக இடத்தைத் தின்னும். 64 கிகாபைட் கார்டில் ஏழு மணி நேரம் அடங்கினால் வியப்பில்லை.

பெட்டியின்மேல் '4கே' என்று அச்சிட்டிருந்தால் மயங்கவேண்டாம். 3,840-ஐ 2,160-ஆல் பெருக்கினால் 83 இலட்சம் புள்ளிகள். உள்ளேயுள்ள சில்லில் 20 இலட்சம் கட்டங்களே இருந்து, மற்றவற்றைக் கருவி கற்பனையால் நிரப்பினால் பெயர்தான் பெரியதாகும், விவரம் கூடாது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் 65 மில்லிமீட்டர் உயரமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எழுத்துகளைக் கறுப்பு மையால் எழுதிக்கொள்ளுங்கள். கடை வாசலில் ஒருவரிடம் கொடுத்து ஐந்து, எட்டு, பத்து மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். காமிராவில் பதிவு செய்து படித்துப் பாருங்கள். விளம்பரத்தைக் காட்டிலும் இந்தத் தாள் உண்மை பேசும்.

இரவில் ஏன் மங்குகிறது?

பகலில் காமிரா ஒவ்வொரு படத்தையும் ஆயிரத்திலொரு வினாடியில் எடுத்துவிடும். இரவில் ஒளி போதாமல் முப்பதிலொரு வினாடிவரை கண்ணைத் திறந்துவைக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர், குறுக்கே செல்லும் வண்டி பகல் படத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். இரவுப் படத்தில் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கோடாகிவிடும். எத்தனை புள்ளிகள் இருந்தாலும் இதற்கு மருந்தில்லை. அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸே மருந்து. லென்ஸின் மீது 'எஃப்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். எண் சிறியதானால் துளை பெரியது. 1.8 என்ற லென்ஸ், 2.4 என்ற லென்ஸைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியை உள்ளே விடும்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஓடுவது. தெருவிளக்குகள் பல வினாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. காமிராவில் 60 என்ற அமைப்பு இருந்தால் அதனை 50 என மாற்றுங்கள். இரவுப் படத்தில் விளக்குகள் துடிப்பது குறையும்.

மோதலை உணரும் சில்லு

மோதல் நிகழ்ந்ததைக் கருவி எப்படி அறிகிறது? உள்ளே மற்றொரு சிலிக்கன் சில்லு உண்டு. அதில் நுண்ணிய வில்களால் தாங்கப்பட்ட சிறு நிறை ஒன்று தொங்குகிறது. வண்டியின் வேகம் சட்டென்று மாறும்போது இந்நிறை தன் சடத்துவத்தால் பின்தங்கி, பக்கத்திலுள்ள தகடுகளை நெருங்குகிறது; அல்லது விலகுகிறது. மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றமே முடுக்கத்தின் அளவு.

36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் போட்டு ஒரு வினாடியில் நின்றால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஏறத்தாழச் சமம். அதே கார் எதிலாவது மோதிப் பத்திலொரு வினாடியில் நின்றால் அதைப்போல் பத்து மடங்கு. இந்த வேறுபாட்டைக் கண்டு கருவி அந்தத் துண்டுக்குப் பூட்டுப் போடுகிறது. பூட்டிய துண்டின்மேல் புதிய பதிவு எழுதப்படுவதில்லை.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. சில்லின் உணர்வை 'அதிகம்' என வைத்தால், நம் சாலைகளின் ஒவ்வொரு பள்ளத்தையும் வேகத்தடையையும் அது விபத்தென்று எண்ணிப் பூட்டிவிடும். கார்டு முழுதும் பூட்டிய துண்டுகளால் நிறைந்து, புதிய பதிவுக்கு இடமில்லாமற் போகும். ஆகவே 'குறைவு' என்றே வையுங்கள். மெதுவாக உரசிச் செல்லும் வண்டியை அது தவறவிடலாம். அதற்காகவே, கையால் அழுத்திப் பூட்டும் பெரிய பொத்தான் ஒன்று தனியாக இருப்பது அவசியம். இருட்டிலும் தடவி அறியும்படி அது மேடாக இருந்தால் நலம்.

நேரம் சொல்லும் வானம்

மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் பத்து இலட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஆண்டில் பத்து நிமிடம் மாறிவிடும். போன் உள்ளவர்களுக்குச் செயலி நேரத்தைத் திருத்திவிடும். போன் இல்லாதவருக்கு யார் திருத்துவது? ஜி.பி.எஸ். வாங்கியுள்ள காமிராவானால் செயற்கைக்கோள்கள் திருத்தும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவற்றில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. இதற்குப் போனும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னதாக உள்ளது என்பதை ஒரே ஒரு முறை அமைத்துவிட்டால் போதும். இடமும் வேகமும்கூடப் படத்தோடு பதிவாகும்.

ஜி.பி.எஸ். இல்லாத கருவியிலும் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது மாணவர்களுக்குச் சுவையான செய்தி. சாலையோரத்து இரண்டு கம்பங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை நாடாவால் அளவுங்கள். அது 25 மீட்டர் என்று கொள்வோம். படத்தில் ஒரு கார் முதற்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு வர 45 படங்கள் ஆயின என்றால், வினாடிக்கு 30 படம் வீதம் ஒன்றரை வினாடி. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். விபத்தை ஆராய்பவர்களும் இவ்வழியில் கணக்கிடுவதுண்டு.

முதியவரின் கண்ணும் காதும்

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் இறுகி, அருகிலுள்ளதைக் குவிக்க இயலாமல் போகிறது. பாப்பாவும் சுருங்குவதால் அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது. காதில் முதலில் குறைவது உச்ச அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். எனவே கீச்சென்று மட்டும் எச்சரிக்கும் கருவி அவருக்குப் பயன்படாது. விளக்கும் ஒலியும் இரண்டுமே வேண்டும். அதே நேரத்தில் 'கோட்டைத் தாண்டுகிறீர்', 'முன்வண்டி நெருங்குகிறது' என்றெல்லாம் ஓயாமல் கூவும் வசதிகளை அணைத்துவிடுங்கள். நெரிசலில் ஓட்டுபவரின் கவனத்தைக் கலைப்பது பாதுகாப்பு ஆகாது. திரையும் ஒரு நிமிடத்தில் தானே இருண்டுவிடுமாறு அமைப்பது நல்லது.

காமிராவைப் பின்காட்டும் கண்ணாடியின் மறைவில், இடப்பக்கமாக, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் ஒட்டவேண்டும். ஓட்டுபவரின் பார்வையை அது மறைக்கக் கூடாது. ஒயரை மேல் விளிம்பில் செருகிக் கொண்டுவரும்போது, காற்றுப்பை விரியும் இடங்களின் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் கிண்ணத்தைவிட ஒட்டுப்பட்டை வெயிலைத் தாங்கும். பின்புறக் காமிரா, மற்றொரு ஒயர் என்று பெருக்கிக்கொண்டே போவதைவிட, ஒரே ஒரு முன் காமிரா பழுதின்றி ஓடுவது மேல்.

கார்டும் சட்டமும்

மெமரி கார்டில் செய்தி எழுதப்படுவது, காப்பிட்ட நுண்ணறைகளில் எலெக்ட்ரான்களை நுழைத்துச் சிறைவைப்பதால். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் காப்புப் படலம் சிறிது நைகிறது. புகைப்படம் வைக்கும் கார்டு எப்போதாவது நிரம்பும். முகப்புக் காமிராவின் கார்டோ சில நாளுக்கொருமுறை முழுதும் எழுதப்படுகிறது. ஆகவே 'அதிக உழைப்புத் தாங்குவது' என்று இதற்கென விற்கும் கார்டை வாங்கவேண்டும். இரண்டு வாங்குங்கள். ஒன்று கருவியில், மற்றொன்று உறையிலிட்டு வண்டியின் முன்பெட்டியில். மாதம் ஒரு முறை, நீங்கள் அவர் வீட்டுக்குப் போகும்போது, கார்டைத் துடைத்துத் தயார் செய்து, சிறிது நேரம் பதிவு செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

விபத்து நேர்ந்தால் பெரியவர் செய்யவேண்டியவற்றை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். முதலில் காயம்பட்டவர்களைக் கவனிக்கவேண்டும். பிறகு பூட்டுப் பொத்தானை அழுத்தவேண்டும். வண்டியை அணைத்துக் கால் நிமிடம் பொறுத்துக் கார்டை வெளியே எடுக்கவேண்டும். அதனை உறையிலிட்டுத் தேதி எழுதி வைத்துக்கொண்டு, மாற்றுக் கார்டைச் செருகவேண்டும். அந்தக் கூட்டத்தில் யாரிடமும் கார்டைக் கொடுக்கக் கூடாது. போன் இல்லாமலே, கார்டு படிப்பானில் செருகிக் கணிப்பொறியில் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், 2023 என்னும் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கும் முறையைக் கூறுகிறது. பிரதியைத் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழும் வேண்டும். அச்சான்றிதழில் பதிவின் 'ஹாஷ்' மதிப்பும் குறிக்கப்படுகிறது. ஒரு கோப்பின் எல்லா எண்களையும் கொண்டு கணக்கிடப்படும் கைரேகை போன்றது அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். எனவே மூலக் கார்டைத் தொடாமல் வைத்திருப்பதும், பிரதியை வெட்டாமல் ஒட்டாமல் கொடுப்பதும் மிக முக்கியம்.

சாட்சி யார் பக்கம்?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தச் சாட்சி எப்போதும் பெரியவர் பக்கமே பேசும் என்று சொல்வதற்கில்லை. தவறு அவருடையதானால் அதையும் அப்படியே காட்டிவிடும். அதனை ஏற்கத் துணிந்தவர்களே இக்கருவியை வாங்கவேண்டும். வண்டிக்குள் பேசுவதும் பதிவாகும். உடன் வருபவர்களுக்கு விருப்பமில்லையெனில் ஒலிப்பதிவை அணைத்துவிடலாம்.

வீட்டிலுள்ள இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா எப்படி ஓட்டுகிறார் என்று உளவு பார்ப்பதற்காக அவருக்குத் தெரியாமல் கார்டை எடுத்துப் பார்ப்பது முறையன்று. அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். திருப்பத்தில் தாமதமாகத் திரும்பியதையும், இரவில் எதிர்விளக்கில் தடுமாறியதையும் படமே அவருக்குச் சொல்லும். இனி இரவில் ஓட்டவேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னால் வராத முடிவு, தாமே பார்த்தபின் வரக்கூடும். மற்றவர்கள் கூறுவதைவிடத் தாம் நன்றாகவே ஓட்டுகிறோம் என்று அவருக்கும் உங்களுக்கும் தெரியவந்தாலும் வரலாம்.

திரை, பொத்தான், மிகைமின்தேக்கி, ஜி.பி.எஸ்., உழைக்கும் கார்டு இரண்டு: கடைக்குப் போகும்போது இந்த ஐந்தையும், அந்த வெள்ளைத் தாளையும் மறவாமல் கொண்டுசெல்லுங்கள். மற்ற வசதிகள் எதற்கும் கூடுதல் காசு கொடுக்கவேண்டியதில்லை.